நுளம்புப் படம்

போன மாதம் எங்கள் பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மச்சாள் ஒரு படம் போட்டாள். ஓரமெல்லாம் மஞ்சளாகிப் போன பழைய சான்றிதழ். 'மாணவர் சுற்றாடல் அறிவுப் போட்டி, முதலாம் இடம்' என்று தட்டச்சில் அடித்து, கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. கனடாவுக்குப் போகும்போது எதை எதையோ விட்டுப் போனவள், அதை மட்டும் கொண்டுபோயிருக்கிறாள். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். "எடியே, நீயும் அவளோடை அதிலை இருந்தனிதானே, ஏன் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறாய்?" என்று இரண்டு பேர் கேட்டீர்கள்.

நான் பதில் போடவில்லை. இரண்டு வரியில் போடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. நாங்கள் ஐம்பதை எட்டிப் பிடிக்கிற ஆட்கள். எங்களில் மூன்று பேர் செத்துப் போய்விட்டார்கள். இனியும் எழுதாமல் விட்டால் அந்தச் சான்றிதழ் சொல்வது மட்டும்தான் மிஞ்சும்.

அந்தப் போட்டியை யார் தொடங்கினார்கள் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. சண்டை தொடங்கி மின்சாரம் நின்று, ரயில் நின்று, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்த காலம். கல்விக் கந்தோரில் யாரோ ஒருவருக்குப் பிள்ளைகளை ஏதாவதொன்றில் ஈடுபடுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. விளையாட்டுப் போட்டி வைத்தால் மைதானத்தில் சனம் சேரும், மேலே பிளேனில் இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும். அறிவுப் போட்டியை ஒரு மாமரத்துக்குக் கீழே வைத்து முடித்துவிடலாம். முதல் முறை எழுத்துப் பரீட்சை மட்டும். கேள்வித்தாள் அடிக்கக் கடதாசி இல்லாமல் கேள்விகளை வாசித்துக் காட்டினார்களாம். அடுத்த முறை இலைகளைப் பார்த்துப் பெயர் சொல்லும் சுற்று சேர்ந்தது. நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதுதான் செயற்திட்டம் என்று மூன்றாவது ஒன்றும் வந்தது. யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து நானும் மச்சாளும் தெரிவானோம்.

எங்களைப் பழக்கியவர் விஞ்ஞான மாஸ்ரர். அவருடைய கை உங்களுக்கும் தெரியும். காலையில் வரும்போதே வழியில் ஏதாவதொரு வேலியில் தடி முறித்துக்கொண்டு வருவார். பிழையான பதிலுக்கு ஓர் அடி. அடித்த கையோடு தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இப்ப அடிச்சது என்ன தடி?" என்று கேட்பார். சரியாகச் சொன்னால் மற்றக் கை தப்பும். பூவரசந் தடி வழவழப்பாக வந்து படும், எரிவு பிறகுதான் தெரியும். கிளுவையில் முள்ளின் அடி இருக்கும். வேம்பு லேசில் முறியும், முறிந்தால் அவருக்குக் கோபம் கூடும். புளியந் தடி வளைந்து விரல் நுனியைச் சுற்றிப் பிடிக்கும். மச்சாளின் சின்ன விரல் நகம் ஒருநாள் அப்படித்தான் கழன்றது. இரத்தம் வாங்குப் பலகையில் சொட்ட, அவள் விக்கிக்கொண்டே "புளி, சேர்" என்றாள்.

"கெட்டிக்காரி" என்று அவள் தலையைத் தடவிவிட்டார்.

வீட்டில் சொல்லிப் பயனில்லை. ஐயா வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே, "படிப்பிக்கிற மனிசன் அடியாமல் ரோட்டாலை போறவனே அடிக்கிறது?" என்றார்.

இலைச் சுற்று பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நீளமான மேசைகளில் அறுபது இலைகள். ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு கூழாங்கல், காற்றில் பறக்காமல். அவற்றைத் தேடிப் பறித்து அடுக்கியவர் அந்தப் பள்ளிக்கூடத்துப் பியோன். நரைத்த மீசை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம். இலைகள் வாடாமல் இருக்க ஒரு வாளியில் தண்ணீரோடு மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்து தெளித்துக்கொண்டிருந்தார். எங்களைத் தாண்டும்போது மெல்ல, "பதினேழாவது கொஞ்சம் கஷ்டம் பிள்ளையள். கசக்கி மணந்து பாருங்கோ" என்றார். அது நொச்சி.

நான் இருபத்திரண்டாவது இலையில் நின்றபோது அரசாங்கத்தின் பொம்மர் விமானச் சத்தம் கேட்டது. உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதலில் காதுக்கு அல்ல, வயிற்றுக்குத்தான் கேட்கும். எல்லோரும் வெளியே ஓடி மாமரத்தடிப் பங்கர்க் கிடங்குக்குள் விழுந்தோம். முழங்கால் வரை மழைத்தண்ணீர். எனக்குக் கீழே யாரோ ஒரு பிள்ளை, அவளுடைய பல் என் தோளில் குத்திக்கொண்டிருந்தது. குண்டு சந்தியில் விழுந்தது. மண் எல்லாம் வாய்க்குள்.

வெளியே வந்தபோது பியோன் மண்டபச் சுவரில் சாய்ந்து இருந்தார். யன்னல்களைச் சாத்த நின்றவராம். வாளி அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு சொட்டும் சிந்தாமல் இருந்தது. முகத்தில் ஒரு கீறலும் இல்லை. யாரோ அவரைத் தூக்க முன்னுக்குச் சாய்த்தபோதுதான் பின்கழுத்து இல்லை என்று தெரிந்தது. மச்சாள் என்னுடைய சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்க்கக் கூடாதென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்து அதே மண்டபத்தில் அதே இலைகளோடு சுற்றைத் தொடர்ந்தார்கள். காய்ந்து சுருண்டு போன இலைகள். "அந்த மனிசன் பறிச்சது, வீணாக்கக் கூடாது" என்று நடத்தியவர் சொன்னார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் தடுமாறினார்கள், நானும் மச்சாளும் மணந்து மணந்து எழுதினோம். நாங்கள்தான் முன்னுக்கு வந்தோம். மாஸ்ரர் சைக்கிளில் ஏறும்போது, "பாத்தியளோ, அடிச்சுப் படிப்பிச்சது வீண் போகேல்லை" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கண்டதில்லை.

பிறகு செயற்திட்டம். அந்த மாரியில் நுளம்புக் கடியால் ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல். மருந்துக் கப்பல் வராது, ஆஸ்பத்திரியில் குளிசை இல்லை. மாஸ்ரர் தந்த தலைப்பு, 'எங்கள் கிராமத்தில் நுளம்பு பெருகும் இடங்கள்'. ஊரைப் படமாகக் கீறி, நுளம்பின் புழுவான குடம்பி இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் குறிக்க வேண்டும்.

"கிணறு, கேணி, வாய்க்கால், சிரட்டை, பழைய ரயர். உவ்வளவும்தான். பங்கர் ஒண்டையும் கீறக் கூடாது" என்றார்.

"ஏன் சேர்? பங்கருக்கைதானே கூட…"

கையை நீட்டச் சொன்னார். அன்றைக்குக் கிளுவை. ஏன் என்று அவர் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், ஒரே ஒரு வசனம் போதும். 'பிள்ளை, பங்கர் இருக்கிற இடத்தைப் படத்தில் கீறினால் அதை உளவு என்பார்கள்.' பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது விளங்கியிருக்கும். பிள்ளைகளுக்குக் காரணம் சொல்வது தங்கள் மரியாதைக்குக் குறைவு என்று நினைத்த தலைமுறை அது.

நானும் மச்சாளும் இரண்டு கிழமை பால்மா வந்த தகரப் பேணியோடு ஊர் சுற்றினோம். பேணியால் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, நெளிகிற குடம்பிகளை எண்ணி எழுதுவோம். கிணறுகளில் மீன் இருந்தது, குடம்பி இல்லை. கேணி வற்றிக் கிடந்தது. வீட்டுக்கு வீடு வெட்டி வைத்திருந்த பங்கர்களில்தான் பேணிக்கு நூறு இருநூறு. ஊரைக் காய்ச்சலில் போட்டது அந்தக் கிடங்குகள்தான் என்று எங்கள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

வெளிநாடு போன ஒருவரின் மாடி வீட்டில் துவக்குகளோடு இயக்கப் பெடியள் இருந்தார்கள். நாங்கள் மதில் ஓரம் போகும்போது ஒருவர் கூப்பிட்டார். மெலிந்த ஆள், மூக்கில் ஒரு பரு. எங்கள் அண்ணையின் வயதுதான் இருக்கும்.

"தங்கச்சியவை, பேணிக்கை என்ன மீனே?"

"இல்லை அண்ணை, நுளம்புக் குடம்பி. போட்டிக்கு."

"அப்ப எங்கடை பங்கரையும் ஒருக்கால் பாருங்கோவன். உதுக்கை இருக்கேலாது, தின்னுது."

பின்வளவில் நான்கு பங்கர். அவரே இறங்கிப் பேணியால் மொண்டு தந்தார். எண்ணும்போது எங்களோடு சேர்ந்து எண்ணினார். பிழை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றினால் குடம்பி சாகும் என்று மச்சாள் பெரிய மனிசி மாதிரிச் சொன்னதற்கு, "மண்ணெண்ணெய் இருந்தால் நாங்கள் லாம்பெல்லோ கொழுத்துவம்" என்று சிரித்தார்.

படத்தைக் கையளிக்க வேண்டிய கிழமை மாஸ்ரருக்கே மலேரியா வந்தது. அவர் பாயில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் படத்தை விரித்து வைத்திருந்தோம். கிணறு, கேணி, ரயர் எல்லாம் குறித்தாகிவிட்டது. பார்த்தால் வெறும் படம். உண்மையும் இல்லை, பரிசும் கிடைக்காது.

"பங்கரைப் போடுவம்" என்றேன்.

"மாஸ்ரர் கொல்லுவார்" என்றாள் மச்சாள்.

"அவர் காய்ச்சலிலை கிடக்கிறார். பரிசு வந்தால் ஒண்டும் சொல்லமாட்டார்."

சிவப்பு மை இல்லை. அம்மாவின் குங்குமத்தை வேப்பம்பிசினில் குழைத்து, ஈர்க்கின் அடியால் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்தேன். எல்லாம் நான் வைத்ததுதான். மச்சாள் பக்கத்தில் இருந்து விசிறினாள், காய்வதற்கு. மாடி வீட்டுப் பின்வளவில் நான்கு புள்ளி வைத்தபோது என் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாக அவள் சொல்லிச் சிரித்தாள்.

இறுதிச் சுற்று உடுவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். மாஸ்ரர் காய்ச்சல் விட்டு எழும்பி, கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்தார். மண்டபச் சுவரில் எங்கள் படம். நடுவர் ஒருவர் அதற்கு முன்னால் நின்று, "இதைத்தான் அவதானிப்பு எண்டு சொல்லிறது. கண்ணுக்கு முன்னாலை இருக்கிறதை எழுதியிருக்கினம்" என்று எல்லோருக்கும் காட்டினார். முதலாம் இடம் எங்களுக்கு. நான் திரும்பி மாஸ்ரரைப் பார்த்தேன். அவர் முகம் காய்ச்சலில் கிடந்ததைவிட வெளிறிப் போயிருந்தது. நடுவரிடம் போய் மெல்லிய குரலில் படத்தைக் கழற்றித் தரக் கேட்டார். மாதக் கடைசி வரை எல்லோரும் பார்க்கட்டும் என்றார்கள்.

திரும்பி வரும் வழியில் அடி விழும் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பத்து நாளோ பன்னிரண்டு நாளோ இருக்கும். காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குள் போகும்போது பொம்மர் வந்து மாடி வீட்டில் போட்டது. முதல் குண்டு வெங்காயத் தோட்டத்தில், இரண்டாவது வீட்டுக்கு மேல், மூன்றாவது பக்கத்து வீட்டில். பக்கத்து வீட்டில் ஒரு தாயும் கைப்பிள்ளையும். பெடியளில் இரண்டு பேர். எங்களுக்குப் பேணியில் மொண்டு தந்தவரும் அதில் ஒருவர். அவரைக் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள். பாதியைத்தான் எடுத்தார்கள் என்று ஐயா அம்மாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. தென்னைகளில் துணி தொங்கியது. நாய்களைக் கல்லால் எறிந்து துரத்திக்கொண்டே சனம் பொறுக்கியது.

அன்று பின்னேரமே ஊரில் ஒரு கதை எழும்பிவிட்டது. உடுவிலில் ஒரு படம் தொங்குகிறது, ஊர்ப் பங்கர் எல்லாம் அதில் சிவப்பாகக் குறித்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறான் என்று. நுளம்புப் படம் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு யோசித்தால் எவ்வளவு பேய்த்தனம். மூன்றில் ஒன்று வெங்காயத்தில் விழுந்தது. அடுத்த கிழமை கோயில் கேணியில் போட்டான், அதற்கடுத்ததாக ஒரு மாட்டுக் கொட்டிலில். மேலே இருந்தவன் எந்தப் படத்தையும் பார்த்துப் போடவில்லை. ஆனால் செத்தவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்துக்கு ஒரு முகமும் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் என்னையும் மச்சாளையும் பள்ளிக்கூட அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் எங்கள் படம். மூலைகளில் புத்தகங்களை வைத்து விரித்திருந்தார்கள். மேசைக்கு அப்பால் இயக்கத்தின் பொறுப்பாளர். இளம் ஆள், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். மாஸ்ரர் அலுமாரியோடு நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் துவக்கோடு இரண்டு பேர். அதிபர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சியவை பயப்படாதேங்கோ" என்றார் பொறுப்பாளர். "உண்மையைச் சொன்னால் வீட்டை போகலாம். இந்தச் சிவப்புப் புள்ளியளை வைக்கச் சொன்னது ஆர்?"

மச்சாள் என்னைப் பார்த்தாள். மாஸ்ரரும் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து 'நான் வேண்டாம் என்று சொன்னேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை முதலே சொல்லி, அவர்கள் நம்பாமல் விட்டார்களோ, தெரியாது.

"மாஸ்ரர்தான்" என்றேன்.

பயத்தில்தான் சொன்னேன். ஆனால் உங்களிடம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சொல் வாயைவிட்டுப் போனபோது எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அது இனித்தது. என் இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்து சொன்னது போல இருந்தது.

"நீங்கள் சொல்லுங்கோ" என்று பொறுப்பாளர் மச்சாளைக் கேட்டார்.

"ஓம், மாஸ்ரர்தான்" என்றாள் அவளும்.

மாஸ்ரர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். "பிள்ளையளை விடுங்கோ. அதுகள் சொன்னதைச் செய்யிற வயசு" என்றார். பக்கத்தில் நின்றவன் துவக்கின் அடிப்பக்கத்தால் அவர் தலையின் பக்கவாட்டில் அடித்தான். தேங்காய் உடைக்கிற சத்தம். கண்ணாடி பறந்து படத்தில் விழுந்தது. அதிபர் திரும்பவே இல்லை. எங்களைப் போகச் சொன்னார்கள். நாங்கள் நடந்தோம், பிறகு ஓடினோம்.

மாஸ்ரரை இயக்கம் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்துத் தோட்டத்தில் வைத்து ஐயா கேட்டார். "மெய்யைச் சொல்லு. அவரே வைக்கச் சொன்னவர்?"

"இல்லை ஐயா. நான்தான் வைச்சனான். அவர் வேண்டாமெண்டு அடிச்சவர்."

ஐயா என் கன்னத்தில் அறைந்தார். என் வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். வாய்க்காலில் விழுந்தேன். தூக்கி நிறுத்தி, என் முகத்துச் சேற்றைத் தன் சால்வையால் துடைத்தார்.

"இதை இனி ஒருத்தருக்கும் சொல்லாதை. கொம்மாவுக்கும் சொல்லாதை. விளங்குதோ?"

விளங்கியது. மாஸ்ரரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் விளங்கியது. கேற்றடியிலேயே நின்று, "பிள்ளையை ஒருக்கால் என்னோடை விடுங்கோ. மாஸ்ரர் அப்பிடிப்பட்ட ஆளில்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்" என்று கெஞ்சினார். ஐயா, "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. ஐயா என்னைக் காப்பாற்றினார் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். காப்பாற்றினார்தான். என் இடத்தில் வேறொருவரைக் கொடுத்துக் காப்பாற்றினார்.

மாஸ்ரர் உள்ளே இருந்தபோதுதான் சான்றிதழ்கள் வந்தன. அதிபர் பிரார்த்தனையில் வைத்துத் தந்தார். பொறுப்பாசிரியர் பெயர் இருந்த இடத்தை யாரோ மையால் அடித்திருந்தார்கள். மச்சாள் போட்ட படத்தை விரித்துப் பாருங்கள், தெரியும். போட்டி அதோடு நின்றது. அடுத்த வருடம் வைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மாஸ்ரரை விட்டார்கள். மனைவி அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "ஒவ்வொரு புள்ளியாய்த் தொட்டுக் கேட்டவங்களாம், இது ஆற்றை வளவு, இதிலை எத்தினை பேர் எண்டு. இவருக்கு ஒண்டும் தெரியாது. தெரியாது எண்ட ஒவ்வொரு முறைக்கும் அடிச்சவங்களாம்." படத்தில் எத்தனை புள்ளி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் எண்ணி வைத்த புள்ளிகள். அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை. மனைவியின் ஊருக்கு, யாழ்ப்பாண ரவுண் பக்கம், போய்விட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து, தொண்ணூற்றைந்தின் ஐப்பசியில், நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து ஒரே ரோட்டில் நடந்தோமே, அப்போது கண்டேன். இரவு முழுக்க மழையில் நடந்து, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய மறுநாள் மத்தியானம். வகுப்பறை நிறையச் சனம், ஈரத் துணி, குழந்தைகளின் அழுகை. சுவரோடு ஒரு வாங்கில் மாஸ்ரர் இருந்தார். தாடி நரைத்திருந்தது. மடியில் ஒரு பை. வலது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. மனைவி மற்றப் பக்கத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினேழு. சனத்தை மிதித்துக்கொண்டு போனேன். காலில் சேறு. அவருக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னேன், நிறுத்தினால் திரும்பச் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன்.

"சேர், புள்ளியள் நான்தான் வைச்சது. நீங்கள் வேண்டாமெண்டனீங்கள். அண்டைக்கு நான் பொய் சொன்னனான். ஐயா விடேல்லை, நானும் வரேல்லை. உங்களை அடிச்சதெல்லாம் என்னாலைதான் சேர். என்னை மன்னியுங்கோ."

அவர் அசையவில்லை. முன்னால் ஓடித் திரிந்த ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தேன். மனைவி சோற்றிலிருந்து தலையைத் தூக்கி என்னைக் கண்டார். அடையாளம் தெரியவில்லை, படிப்பித்த பிள்ளைகளில் ஒருத்தி என்று மட்டும் விளங்கியிருக்க வேண்டும். களைத்த முகத்தோடு சிரித்தார்.

"அந்தக் காது கேளாது பிள்ளை. இஞ்சாலைப் பக்கம் வந்து சொல்லும்."

நான் எழும்பினேன். அவருடைய முழங்கால்களைச் சுற்றி மற்றப் பக்கத்துக்குப் போனேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, காதைச் சாய்த்து, பொறுமையாகக் காத்திருந்தார்.

"சுகமாய் இருக்கிறியளோ, சேர்?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். "இருக்கிறம்."